வசந்தாமணிக்காக எலை பார்த்த கதை

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காந்துக்குங்க தம்பி. எனக்கு வேண்டாமுங்க. பன்னண்டு நாளா இந்த ஜப்பான்ல எலையப் பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப் போச்சு. மலை முச்சூடும் செவப்பு, ரோட்டோரம் முச்சூடும் மஞ்சள். இனி ஒத்த எலை செவப்பாத் தெரிஞ்சாலும் கண்ண மூடிக்குவேன்.

நீங்க போன்ல தமிழ்ல "வெச்சுடறேன்டா"ன்னு சொன்னது காதுல உழுந்துது. அதான் எந்திரிச்சு வந்து பக்கத்துல உக்காந்துட்டேன். தப்பா நெனைச்சுக்காதீங்க. திருச்சிப் பக்கமா? நான் தாராபுரமுங்க. தாலுக்கா ஆபீஸ்ல முப்பத்தி நாலு வருசம் குப்பை கொட்டினவன். இந்தப் பஸ்சு ஏர்போர்ட் போறதுக்கு இன்னும் எத்தனை நேரமாகும்? மூணு மணி நேரமா? சரி, அது போதும்.

ஒரு விசயம் இருக்குதுங்க தம்பி. அதை என்ற மககிட்டச் சொல்றதுக்குத்தான் இத்தனை தூரம் வந்தேன். சொல்லாமயே திரும்பிப் போறேன். யாருகிட்டயாச்சும் சொல்லாட்டி எனக்கு நெஞ்சு வெடிச்சிரும்போல இருக்குது.

என்ற சம்சாரம் வசந்தாமணி செத்துப் போயிட்டா.

புரட்டாசிக் கடைசியில. இன்னைக்கு நாப்பத்தி ரெண்டாவது நாளு. மத்தியானம் வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தா. "ஏனுங்க, நெஞ்சு என்னமோ பண்ணுது, சித்தத் தண்ணி மோந்துட்டு வாங்க"ன்னா. சொம்போட வர்றேன், ஆளு சாஞ்சு கெடக்கறா. அவ்வளவுதானுங்க. கையில ஒரு வெங்காயம் பாதி உரிச்சபடி இருந்துது.

மகளுக்கு அது தெரியாது.

இப்படிப் பாக்காதீங்க. நான் என்ன கல்நெஞ்சுக்காரனா? அவ ஏழு மாசம் முழுகாம இருக்கறா. ஒரே புள்ளை. கல்யாணமாகி ஆறு வருசம் கழிச்சு இப்பத்தான் தங்கியிருக்குது. அந்த நேரத்துல போயி "உன்ற அம்மா போயிட்டா"ன்னு போன்ல சொன்னா, அவளுக்கும் வயித்துல இருக்கறதுக்கும் ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா? ஒறம்பரை அத்தனை பேரும் அதையேதான் சொன்னாங்க. புள்ளத்தாச்சிக்குச் சாவுச் சேதி சொல்லப்படாதுன்னாங்க. எல்லார்த்துகிட்டயும் வாயக் கட்டச் சொன்னேன். கொழுந்தியா மகன் ஒருத்தன், கூறுகெட்டவன், கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் படம் புடிச்சு ஸ்டேட்டஸ்ல போட்டுட்டான். பத்தே நிமிசத்துல போன் பண்ணிச் சத்தம் போட்டு எடுக்க வெச்சேன். பத்து நிமிசத்துல ஜப்பான்ல இருக்கறவ பாத்துருவாளாக்கும்?

மககிட்ட என்ன சொன்னேன்னா, அம்மாவுக்குத் தொண்டையில ஆபரேசன், ரெண்டு மாசத்துக்கு வாயத் தொறந்து பேசக்கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாருன்னேன். நல்ல ரோசனைதானுங்களே? ஆனா ஆத்தாளும் மகளும் ஒரு நாளு பேசாம இருந்தவங்க கெடையாது. அதனால வசந்தாமணி போனை எடுத்து நானே மெசேஜ் எழுத ஆரம்பிச்சேன்.

சிரிக்காதீங்க தம்பி. எனக்கு டிராப்டு எழுதத் தெரியாதா? கலெக்டருக்கே எழுதினவன். மொத மெசேஜ் இன்னும் எனக்கு மனப்பாடமா இருக்குது. "அன்புள்ள மகளுக்கு, நலம். நலமறிய ஆவல். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மருத்துவர் ஆணைப்படி இரண்டு மாதம் பேச இயலாது. உடல்நலம் பேணவும். இப்படிக்கு, அம்மா."

வசந்தாமணி எழுத மாட்டா. அவளுக்கு எழுதறதுக்கெல்லாம் பொறுமை ஏது? போனை வாய்கிட்ட வெச்சு "ஏஞ்சாமி, தின்னியா, என்ன தின்னே"ன்னு கத்தி அனுப்பிருவா. அதான் பேசக் கூடாதுன்னு சொல்லியாச்சே, எழுதித்தானே ஆகோணும்.

முழுசா ஒரு நாளு பதில் வர்ல. எனக்குப் பக்கு பக்குன்னு இருந்துது. மறுநாளு வந்துது. "சரிம்மா. உடம்பப் பாத்துக்க. அப்பாவையும் பாத்துக்க." அப்பாடான்னு இருந்துதுங்க.

அப்புறம் தெனமும் வரும். முன்னெல்லாம் என்ன எழுதுவாளோ எனக்குத் தெரியாது, ஆத்தா மக சமாச்சாரத்துல நான் தலை உட்டதில்லை. ஆனா இப்ப வந்ததெல்லாம் என்னையப் பத்தித்தான். "அம்மா, அப்பா பிரசர் மாத்திரை போடறாரான்னு பாரும்மா." "அப்பாவத் தனியா உக்கார உடாதே, சித்தப்பா ஊட்டுக்காச்சும் போயிட்டு வரச் சொல்லு." "அப்பாவுக்குக் காப்பியில சக்கரையக் கொறைச்சுப் போடு." நான் பதில் போடுவேன்: "தகவல் தெரிவிக்கப்பட்டது. அப்பா நலமாக உள்ளார்." நேர்ல பேசினா என்கிட்ட நாலு வார்த்தைக்கு மேல பேச மாட்டா தம்பி. அவ ஜப்பான்காரரைக் கல்யாணம் பண்றேன்னப்ப ஒரு வருசம் அவகிட்டப் பேசாதவன் நானு. அந்தப் புள்ளைக்கு என்ற மேல இத்தனை அக்கறையான்னு ஒவ்வொண்ணையும் ரெண்டு மூணு தடவை படிப்பேன்.

இன்னொண்ணும் சொல்லிப்போடறேன். வெக்கமா இருக்குது, இருந்தாலும் சொல்றேன். அந்தப் போன்ல மகளுக்குப் பதில் எழுதற அஞ்சு நிமிசம், வசந்தாமணி ஊட்டுக்குள்ள இருக்கற மாதிரியே இருக்கும். சமையக்கட்டுல என்னமோ பண்ணிக்கிட்டிருக்கற மாதிரி. மகளுக்கு இன்னும் அவ சாகலயே. ஒருத்தருக்காச்சும் அவ உசுரோட இருந்தா.

சரி, வந்ததைச் சொல்றேன். டிக்கெட்டு ஆடி மாசமே ரெண்டு பேருக்கும் மாப்பிள்ளை போட்டுக் குடுத்துட்டாரு. மக வருசா வருசம் அந்தச் செவப்பு எலைப் படம் அனுப்புவா. வசந்தாமணிக்கு ஒரே ஆசை. "செத்துப் போறதுக்குள்ள அதை ஒருக்கா பாத்துப்போடோணுமுங்க"ன்னு சொல்லிக்கிட்டே இருப்பா. நான் திட்டுவேன். எலை பாக்கறதுக்கு எவனாச்சும் ஏரோப்ளேன் ஏறுவானா? நம்மூர்ல எலை உழுந்தா வாரி குப்பையில கொட்டறோம். இந்த ஊர்ல டிபன் கட்டிக்கிட்டுப் பாக்கப் போறாங்க, காமிரா தூக்கிக்கிட்டுப் போறாங்க, கெழவன் கெழவியெல்லாம் மரத்தடியில நின்னு வாயப் பொளந்துக்கிட்டுப் பாக்கறாங்க.

நான் மட்டும் கெளம்பினேன். போன்ல சொன்னாத்தானே அதிர்ச்சி, பக்கத்துல உக்காந்து கையப் புடிச்சுக்கிட்டு மெதுவாச் சொன்னாத் தாங்கிக்குவான்னு ஒரு கணக்கு. சத்தியமா அதுக்குத்தான் வந்தேன் தம்பி.

ஏர்போர்ட்ல என்னையப் பாத்தா. காரியம் பண்ணினதுல மொட்டையும் மீசையில்லாத மூஞ்சியுமா நிக்கறேன். "பழனிக்கு முடி எறக்கினேன் அம்முணி, உனக்கு நல்லபடியாப் பொறக்கோணும்னு"ன்னேன். நான் பழனிக்குப் போயி முப்பது வருசமாச்சு. அவ ஒண்ணும் கேக்கல. கிட்ட வந்து என்ற தலையத் தடவினா. ரொம்ப நேரம் தடவிக்கிட்டே இருந்தா. புள்ளைக்கு மொட்டை புதுசா இருந்திருக்கும்.

அவங்க இருக்கறது நகானோப் பக்கம் மலையடிவாரத்துல ஒரு சின்ன ஊரு. மாப்பிள்ளை பேரு டெட்சுயா, தங்கமான புள்ளை. என்ற மகளைத் 'தேன்சான்'னு கூப்பிடுவாரு. தேன்மொழிங்கற பேரு அவரு வாயில நொழையல. அவரு அம்மா ஃபுமியே, எனக்குச் சம்பந்தியம்மா. மாப்பிள்ளையோட அப்பா போயி எட்டு வருசமாச்சு, அந்தம்மா இவங்ககூடத்தான் இருக்கறாங்க. எனக்கு அவங்க பாசை தெரியாது, அவங்களுக்கு நம்ம பாசை தெரியாது. என்னையப் பாத்ததும் அந்தம்மா குனிஞ்சு கும்பிட்டாங்க பாருங்க, நிமிரவே இல்லை. இந்த ஊர்ல மரியாதையெல்லாம் சாஸ்திதான்.

வசந்தாமணி போனை என்ற பைக்குள்ள துணிக்கடியில வெச்சிருந்தேன். மக சமையக்கட்டுல இருந்து அம்மாவுக்கு மெசேஜ் போடுவா, நான் கக்கூசுக்குள்ள போயி உக்காந்து பதில் எழுதுவேன். ஒரு நாளு சோத்துக்கு உக்காந்திருக்கறோம், பைக்குள்ள அந்தப் போனு மணியடிச்சுப் போடுச்சு. ஊர்ல இருந்து எவனோ கேஸ் சிலிண்டருக்குப் போன் பண்றான். எனக்கு மேலும் கீழும் வேர்த்துருச்சு. நல்ல வேளை, சரியா அந்த நேரம் பாத்து மக எந்திரிச்சுப் போயி டிவி சத்தத்தக் கூட்டினா. தப்பிச்சேன்.

தெனமும் காலையில இன்னைக்குச் சொல்லிப்போடோணும்னு எந்திரிப்பேன். ஒரு நாளு மலைமேல கூட்டிட்டுப் போனா. எலை பாக்கறதுக்குத்தான். அங்க ஒரு மரம் நின்னுச்சு பாருங்க தம்பி. பொய் சொல்லப்படாது, நானும் வாயப் பொளந்துக்கிட்டுப் பாத்தேன். அத்தனை செவப்பு. வசந்தாமணி எதுக்கு அப்படி அடிச்சுக்கிட்டான்னு அப்பத்தான் வெளங்குச்சு. மகளும் பாத்துக்கிட்டே நின்னா. "அம்மாவுக்கு இது நெம்பப் புடிச்சிருக்குமப்பா"ன்னா. இதுதான் நேரம், சொல்லுடான்னு மனசு சொல்லுது. வாயி என்ன சொல்லுச்சு தெரியுங்களா? "அதுக்கென்ன அம்முணி, அடுத்த வருசம் ஒட்டுக்கா வந்து பாத்துக்கலாம்"னு சொல்லுச்சு. அவ மொகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டா. கண்ணுல தூசின்னா. இந்த ஊர்ல எங்கீங்க தம்பி தூசி இருக்குது? அவளுக்குன்னு எங்கிருந்துதான் வந்துதோ.

நேத்து அவங்க ஊருச் சாமிக்கு நோம்பி. புது நெல்லு அறுத்ததுக்கு நன்றி சொல்ற நோம்பியாமா. நம்ம பொங்கல் மாதிரின்னு வெச்சுக்குங்க. ஊரே கூடிருச்சு. மேளம் என்ன, குழல் என்ன. நம்ம சப்பரம் மாதிரி ஒண்ணு, தங்கத் தகடு அடிச்சது, அதைத் தோள்ல தூக்கிக்கிட்டு நாப்பது பேரு "வாஷோய் வாஷோய்"னு குதிச்சுக்கிட்டு வர்றாங்க. மேல மரத்துல இருந்து எலை கொட்டுது. மஞ்சளும் செவப்பும், சாமி மேலயும் தூக்கறவங்க தலை மேலயும். நமக்குப் பூப்பல்லக்கு, அவங்களுக்கு எலைப்பல்லக்கு.

எனக்கு முந்தின நாளுல இருந்தே பயம். ஏன்னா கோயிலுக்குள்ள கூப்பிடுவாங்களே? ஊட்டுல சாவு உழுந்து ஒரு வருசம் திரும்பல, நான் எப்படிச் சாமி வாசப்படி மிதிப்பேன்? எந்த ஊருச் சாமியா இருந்தா என்ன, சாமி சாமிதானே. அங்க வாசல்ல ரெண்டு தூணு நட்டு மேல கட்டை போட்டுச் செவப்பா ஒரு தோரணம் நிக்கும், நீங்க பாத்திருப்பீங்க. அதுக்குள்ள நொழைஞ்சாக் கோயிலுக்குள்ள போன மாதிரி. மக கூப்பிட்டா என்ன சாக்குச் சொல்றதுன்னு வழியெல்லாம் ரோசனை. முட்டி வலின்னு சொல்லிப்போடலாம்னு முடிவு பண்ணி, தோரணத்துக்கு இருவது அடி முன்னால இருந்தே நொண்ட ஆரம்பிச்சேன்.

அந்தச் சாமி புண்ணியம், எனக்கு வேலையே இல்லாமப் போச்சு. மக தானே நின்னுட்டா. "எனக்கு மூச்சு வாங்குதுங்கப்பா, நம்ம வெளியவே நின்னு பாக்கலாம்"னா. மாசமா இருக்கறவளாச்சே. சரி, மாப்பிள்ளையாச்சும் போவாருன்னு பாத்தா, வருசா வருசம் சப்பரம் தூக்கற ஆளாமா, இந்த வருசம் இடுப்புப் புடிச்சுக்கிச்சுன்னு கையக் கட்டிக்கிட்டு ரோட்டுல நிக்கறாரு. கூட்டாளிக்காரன் ஒருத்தன் அவருகிட்ட வந்து தலையக் குனிஞ்சுட்டுப் போறான். முப்பத்தஞ்சு வயசுல இடுப்புப் புடிச்சா கேலி பண்ணாம என்ன பண்ணுவான்? சத்தில்லாத புள்ளைங்க. சம்பந்தியம்மாவும் உள்ள போகல. ஊட்டுல இருந்து கொண்டாந்த பிளாஸ்க்கைத் தொறந்து, அரிசியில காய்ச்சின இனிப்புத் தண்ணி ஒண்ணு, எனக்கு ஊத்திக் குடுத்துட்டு என்ற பக்கத்துலயே நின்னாங்க. ஊரெல்லாம் உள்ள, நாங்க நாலு பேரு வெளிய. குளிரு அடிக்குது, மேள சத்தம் கேக்குது. மக என்ற கையப் புடிச்சுக்கிட்டா. சின்னப் புள்ளையில தேரு பாக்கக் கூட்டிட்டுப் போனப்பப் புடிச்சது, அதுக்கப்பறம் நேத்துத்தான். உடவே இல்லை. குளிருதான்.

அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம். நான் சொல்லல தம்பி. "அம்முணி"ன்னேன். "சொல்லுங்கப்பா"ன்னா, என்ற மொகத்தையே பாத்தா. அப்படிப் பாத்தா. "என்னன்னாலும் சொல்லுங்கப்பா"ன்னு இன்னொருக்கா சொன்னா. நான் "இந்தத் தண்ணி நல்லா இருக்குது, அம்மாவுக்குச் செய்முறை கேட்டு எழுதிக் குடு"ன்னேன். "சரிங்கப்பா"ன்னுட்டா.

சொன்னா எல்லாம் நின்னு போயிருமுங்க. அந்தப் போனு நின்னு போயிரும். இனி யாருக்கு வசந்தாமணி உசுரோட இருப்பா? நான் போறது வெத்து ஊட்டுக்கு. கதவத் தொறந்தா ஒருத்தரும் இல்லை. இனிப் பொறக்கப்போற புள்ளையப் பாக்க அம்மா வர்லியான்னு கேப்பா, அப்ப என்ன சொல்லுவேன்? எழுதி எழுதி எத்தனை நாளைக்கு ஓட்டுவேன்? தலையே வெடிக்குதுங்க. என்ற மகளை நானே ஏமாத்திக்கிட்டு, பாருங்க, ஏர்போர்ட்டுக்குப் போயிக்கிட்டிருக்கறேன். நல்ல அப்பன்.

இல்லை, தண்ணி வேண்டாம். இருக்கட்டும்.

அட, ஒண்ணு கேக்கோணும்னு இருந்தேன். உங்க ஊட்டுக்காரம்மா இந்த ஊருதான்னீங்களே, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். சம்பந்தி ஊட்டுல செவுத்துல ஒசரத்துல சாமிக்குன்னு ஒரு பலகை. அதுமேல சின்னதா மரத்துல கோயில். எல்லா ஊட்டுலயும் இருக்குமாமே? அந்தக் கோயிலை மறைச்சு ஒரு வெள்ளைக் காயிதம் ஒட்டி வெச்சிருக்கறாங்க. நானும் பன்னண்டு நாளாப் பாக்கறேன். நோம்பி அன்னைக்காச்சும் எடுத்துட்டு ஒரு வெளக்கு வெப்பாங்கன்னு பாத்தா, அதும் இல்லை. தூசி படாம இருக்கறதுக்குத்தானே?

என்ன தம்பி?

சாவு உழுந்த ஊட்டுலயா? இல்லையே, அந்த ஊட்டுல யாரும் சாகலயே. அதான் சொன்னேனே, மாப்பிள்ளையோட அப்பா போயி எட்டு வருசம் ஆச்சு. எத்தனை நாளைக்கு ஒட்டுவாங்க? அம்பது நாளைக்கா? அம்பது நாளு சாமியப் பாக்கக் கூடாது... கோயில் தோரணத்துக்குள்ள போகக் கூடாது... சப்பரம் தொடக் கூடாது...

நெருங்கின சொந்தம் செத்தா. சரி. யாரு, கட்டினவளோட அம்மா செத்தாலுமா?

நான் போன அன்னைக்கே ஒட்டியிருந்துது தம்பி. பெட்டியக் கீழ வெச்சுட்டு நிமிந்து பாத்தேன், மொதல்ல கண்ணுல பட்டதே அதுதான்.

இருங்க. பேசாதீங்க. சித்த நேரம் பேசாதீங்க.

தெரியும். அவளுக்குத் தெரியும். அந்தப் பத்து நிமிசத்துலயே போஸ்டரைப் பாத்திருப்பா. எல்லார்த்துக்கும் தெரியும். அந்தம்மா என்னையப் பாத்துக் குனிஞ்சு நிமிராம நின்னது... ஐயோ. நான் கக்கூசுக்குள்ள உக்காந்து "இப்படிக்கு, அம்மா"ன்னு எழுதறேன், அந்தப் புள்ளை வயித்தத் தூக்கிக்கிட்டுச் சமையக்கட்டுல நின்னு அதைப் படிக்குது. படிச்சுட்டு வெளிய வந்து எனக்குச் சோறு போடுது. செத்துப் போன ஆத்தாளுக்கு மெசேஜ் எழுதி எனக்கு மாத்திரை போடச் சொல்லியிருக்குது. அவளுக்கு ஒண்ணு ஆயிருமேன்னு நான் வாயக் கட்டினேன். எனக்கு ஒண்ணு ஆயிருமேன்னு அவ கட்டியிருக்கறா. நான் எப்பச் சொல்லுவேன், எப்பச் சொல்லுவேன்னு பன்னண்டு நாளா என்ற வாயையே பாத்துக்கிட்டு இருந்திருக்கறா.

பஸ்சு மெதுவாப் போகுதே, நிக்கப் போகுதுங்களா? கால் மணி நேரம் நிப்பாட்டுவாங்களா? தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அந்த டிரைவர்கிட்ட நான் இங்க எறங்கிக்கறேன்னு சொல்லுங்க. திரும்பிப் போற பஸ்சு எங்க நிக்கும்னு கேளுங்க. ஏரோப்ளேன் போனாப் போகட்டும். பெட்டியும் போகட்டும்.

போன் வேண்டாமுங்க. போன்ல சொல்ற சமாச்சாரமா இது? நாப்பத்தி ரெண்டு நாளாப் போன்ல சொல்லிக் கிழிச்சது போதும்.

நகருங்க தம்பி, வழிய உடுங்க. அவ ஆத்தா செத்ததுக்கு அவ இன்னும் வாயத் தொறந்து அழுகல. நான் சொல்லாம அவ எப்படி அழுவா? நான் போயித்தான் சொல்லோணும்.